ஏழாம் இலக்கத்து வெனிசுவேலாக்காரி

நொரேலிஸை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. அதை மறைத்து எழுதி நல்ல பெயர் வாங்க எனக்கு விருப்பமில்லை. 2005 ஜூலை முதலாம் திகதி, மொன்றியல் முழுவதும் வீடு மாறுகிற அன்று, எங்கள் கட்டடத்து வாசலில் தன் குளிர்பெட்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு, அதில் சாய்ந்துகொண்டு கோப்பி குடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் மூன்று குடும்பங்கள் சாமான்களோடு வெயிலில் நிற்கின்றன. இவளுக்கு உதட்டுச் சாயம் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. வழி விடும்படி பிரெஞ்சில் சொன்னேன். திரும்பிப் பார்த்து, இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு நிமிஷமாம்.

வந்த அன்றே எனக்கு விரல் காட்டுகிறாள். எனக்கு!

மொன்றியலின் லாசால் பகுதியில் அந்தப் பதினெட்டு வீட்டுக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்வது நானும் என் கணவர் விமலநாதனும். படி கூட்டுவது, பனி அள்ளுவது, குழாய் ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவது, வீடு மாறிப் போனவர்களுக்கு வருகிற கடிதங்களைச் சேர்த்து வைப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. வீட்டுக்காரர் வருடத்தில் இரண்டு தடவை தலை காட்டுவார். மற்ற நாளெல்லாம் அங்கே இந்தக் குணேஸ்வரி வைத்ததுதான் சட்டம்.

நொரேலிஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி யோசெப்பின் சொன்னது. யோசெப்பின் நாலாம் இலக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் வேதக்காரப் பிள்ளை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிற தொழிற்சாலையில் வேலை. நொரேலிஸுக்கு அங்கே இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். விரிப்பின் ஒரு முனை இவள் கையில், மறுமுனை அவள் கையில், எட்டு மணித்தியாலம் எதிரும் புதிருமாக நின்று மடிக்க வேண்டும். கதைக்காமல் என்ன செய்வது?

அவள் ஊர் மரக்கைபோ. ஏரிக்கரையில் இருக்கிற பெரிய நகரம். வெயில் எங்கள் கிளிநொச்சியையும் தோற்கடிக்குமாம். எண்ணெய்க் கம்பெனி அலுவலகத்தில் பதினேழு வருடம் கப்பல்களுக்குப் பத்திரம் தயாரித்தவள். 2002 மார்கழியில் நாடு முழுவதும் எண்ணெய்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இவளும் கதிரையை விட்டு எழுந்தாள். அடுத்த வருடம் நீக்கப்பட்டவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. சமையலறையில் நின்று தன் பெயரைத் தானே வாசித்தாளாம். கம்பெனி கொடுத்த வீடும் போனது. கணவனும் அதே கம்பெனிதான். அவன் தன் வேலையை வைத்துக்கொண்டு அவளை விட்டுவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகளோடு 2005 தையில் மொன்றியலில் இறங்கி, அகதி என்று விண்ணப்பம் கொடுத்தாள்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அகதியா? இவளா? நாங்கள் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்து வந்தவர்கள். இவள் உதட்டுச் சாயத்தோடு வந்திறங்கி அதே சொல்லைச் சொல்கிறாள். அந்தச் சொல் எங்கள் பெயருக்கு உறுதி எழுதின காணி மாதிரி எனக்கு ஒரு எண்ணம்.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, உடுப்புக் கூடையோடு நொரேலிஸ் படி ஏறி வந்தாள். நானும் யோசெப்பினும் படியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். நான் வழி விடாமல் கேட்டேன், பிரெஞ்சில்.

"உன் நாட்டில் குண்டு போடுகிறார்களா?"

"இல்லை, மதாம்."

"இராணுவம் வீட்டுக்குள் வருகிறதா?"

"இல்லை."

"உன் நாடு பெரிய நாடு. ஒரு ஊரில் பிரச்சினை என்றால் இன்னொரு ஊரில் போய் இருக்க முடியாதா?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள். அவளுடைய பிரெஞ்சு அப்போது அரைகுறை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். "நான் ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். ஆட்சியை மாற்ற வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்ட தாள். கையெழுத்து வைத்தவர்களின் பட்டியல் இப்போது கொம்பியூட்டரில் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் என் அடையாள அட்டையைக் கேட்பார்கள். இலக்கத்தைத் தட்டுவார்கள். என் பெயர் வரும். வேலை இல்லை என்பார்கள். இரண்டு தடவை வேறு ஊருக்குப் போனேன். இரண்டாவது ஊரில் மோட்டார் சைக்கிளில் ஆட்கள் வந்து ஜன்னலை உடைத்தார்கள். அட்டை என்னோடுதான் வரும், மதாம். அதை எந்த ஊரில் விட்டுவிட்டுப் போவது?"

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். யோசெப்பினிடம் தமிழில் சொன்னேன்: "கேட்டியே பிள்ளை? வேலை குடுக்கேல்லையாம், அதுக்கும் அகதியாம். அப்பிடியெண்டால் ஊரிலை பாதிச்சனம் அகதிதான்."

"அக்கா, அவவுக்கு விளங்கும். சிரிப்புக்கு மொழி தேவையோ?" என்றாள் யோசெப்பின்.

நொரேலிஸ் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். அதன் பிறகு என்னைக் கண்டால் வணக்கம் சொல்வாள், முகம் திரும்பாது. நானும் விடவில்லை. பிள்ளைகள் படியில் ஓடினால் கத்துவேன். கார்த்திகை பிறந்தால் அவள் வீட்டில் அடிவயிற்றால் உறுமுகிற ஒரு மேளப் பாட்டு தொடங்கும். அது அவர்கள் ஊரில் யேசு பிறப்புக்குப் பாடுகிற நத்தார்ப் பாட்டாம். படி கூட்டுகிற தும்புத்தடியின் பிடியால் சுவரில் இடிப்பேன். அவள் சத்தத்தை இன்னும் கூட்டுவாள். மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் லாசாலில் இருக்கிற வெனிசுவேலாக்காரர் எல்லாம் ஏழாம் இலக்கத்தில்தான். பத்துப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு சத்தம். என்னதான் செய்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது.

2006 மார்கழி. சண்டை மூண்டு, ஆவணியில் வெளியே போகிற ஏ-ஒன்பது பாதை பூட்டிய பிறகு என் தம்பி லக்ஷன் யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் உயிரோடு வெளியே வர வேண்டும் என்று நேர்ந்து, பிள்ளையார் கதை விரதம் இருபத்தொரு நாளும் பிடித்தேன். ஒரு நேரச் சாப்பாடு, மரக்கறி மட்டும். கடைசி நாட்களில் விரதம் பிடிக்கிற வீடுகளிலிருந்து மோதகம், கொழுக்கட்டை என்று ஏதாவது வரும். பன்னிரண்டாம் இலக்கத்துச் சிவமலரும் பிடித்தாள். நான் வெளியே போன நேரத்தில் அவள் கதவுப் பிடியில் ஒரு பையைக் கொழுவிவிட்டுப் போவது வழக்கம்.

இருபதாம் நாள், பின்னேரம் நான்கு மணியிருக்கும். பனி அள்ளிவிட்டு வந்தேன். கதவில் ஒரு பை. உள்ளே வாழையிலைப் பொதி ஒன்று, இன்னும் சூடு ஆறவில்லை. இலை வெடிக்காமல் நெருப்பில் வாட்டி, சதுரமாக மடித்து, வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் அழகாகக் கட்டியிருந்தது. பிள்ளையார் விரதத்துக்கு நூல் முக்கியம். இருபத்தொரு இழையில் காப்பே கட்டுவோம். மார்கழி மாதம், வாழையிலை, அவித்த மணம், நூல்கட்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிவமலர் இந்தத் தடவை மினைக்கெட்டுச் செய்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

குளித்து, பொதியைப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டினேன். தம்பிக்காக அழுது கும்பிட்டேன். பிறகு நூலை அவிழ்த்தேன். மஞ்சள் நிற மாவு, பார்வைக்கு நல்ல மெதுமை. பெரிதாக ஒரு வாய் கடித்தேன். உப்பு. கொழுப்பு. ஏதோ நார் பல்லுக்குள் போனது. என் கணவர் எட்டிப் பார்த்து, "இஞ்சரும், உதுக்குள்ளை இறைச்சியெல்லே கிடக்கு!" என்றார்.

பன்றி, மாடு, கோழி, மூன்றும். பின்னால் தெரியவந்தது. அயாக்கா என்று பெயராம். நத்தாருக்கு முதல் நாள் அவர்கள் வீட்டில் அது இல்லாவிட்டால் நத்தாரே இல்லையாம். அந்தக் கட்டடத்தில் ஒவ்வொரு கதவிலும் ஒன்று தொங்கவிட்டிருக்கிறாள். வாழையிலை வாங்கியதும் எங்கள் தமிழ்க் கடையில்தான்.

குசினித் தொட்டியில் வாந்தி எடுத்தேன். எடுக்க எடுக்க எனக்குத் தம்பியின் முகம்தான் தெரிந்தது. அவனுக்காக நேர்ந்த விரதத்தில், பிள்ளையாருக்குப் பன்றி படைத்து, நானும் தின்றுவிட்டேன்.

அடுத்த நாள் காலை நொரேலிஸ் வந்து கதவைத் தட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஒன்றரை வருடத்தில் எனக்கு அவள் காட்டிய முதல் சிரிப்பு அது. "நன்றாக இருந்ததா, மதாம்?" மீதிப் பொதியை எடுத்து வந்து அவள் காலடியில் எறிந்தேன். மாவும் இறைச்சியும் அவளுடைய நல்ல சப்பாத்தில் சிதறியது. பிரெஞ்சில் பாதி, தமிழில் பாதி, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் குனிந்து ஒவ்வொரு துண்டாக இலைக்குள் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்கள் ஊரில் இதை எதிரிக்கும் கொடுப்போம். அதனால்தான் உங்களுக்கும் கொடுத்தேன்," என்றாள்.

நான் அதோடு நிறுத்தவில்லை. தையில் ஒரு தாள் எழுதினேன். ஏழாம் இலக்கத்தில் இரைச்சல், நாற்றம், ஆள் நடமாட்டம், வீட்டுக்குள் சமையல் வியாபாரம் நடக்கிறது, தீ விபத்து வரும். கடைசி இரண்டும் பொய். எனக்குத் தெரிந்தே எழுதிய பொய். கதவு கதவாகப் போய்ப் பதினான்கு கையெழுத்து வாங்கினேன். யோசெப்பின் வைக்கவில்லை. என் வீட்டிலேயே ஒருவர் வைக்கவில்லை.

"உமக்கென்ன விசரே? தெரியாமல் தந்ததுக்கு ஒரு குடும்பத்தைத் தெருவிலை விடுறதோ?" என்றார் என் கணவர்.

"நீங்கள் வைக்காட்டிப் போங்கோ. எனக்குப் பதினாலு காணும்."

ஏழாம் இலக்கத்துக் கதவையும் கடந்துதான் போக வேண்டும். நொரேலிஸ் வாசலில் நின்றாள். தாளைக் கேட்டாள். கொடுத்தேன், எனக்கென்ன பயம்? மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு பெயராக, உதடு அசைய வாசித்தாள். பிறகு, "பேனை இருக்கிறதா? நானும் வைக்கிறேன். எனக்கு இது பழக்கம்," என்றாள்.

வீட்டுக்காரர் பதிவுத் தபாலில் ஒரு மிரட்டல் கடிதம் அனுப்பினார். எதிர்த்து வழக்காடியிருந்தால் அவள் வென்றிருப்பாள். இந்த ஊர்ச் சட்டம் குடியிருப்பவர் பக்கம். ஆனால் அகதி வழக்கு முடியாதவள் இன்னொரு வழக்கில் பெயர் வர விடுவாளா? அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பங்குனிக் கடைசியில், தெருவில் பனி கரைந்து சேறாகக் கிடந்த ஒரு காலையில், நகரத்தின் மறுகோடியில் இருக்கிற செயின்ட்-மிஷேலுக்குச் சாமான் ஏற்றினாள். குளிர்பெட்டி வாசலில் நின்றது. நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அது குறுக்கே நிற்கவில்லை.

இதற்குள் மாசி மாதத்தில் என் தம்பி கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்குப் போய், ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தான். பிள்ளையார் கோபிக்கவில்லை. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.

வைகாசி இருபத்தெட்டாம் திகதி ஏழாம் இலக்கத்துப் புதுக் குடித்தனக்காரர் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். நீள உறை, மூலையில் அரசாங்க முத்திரை, பெயர் நொரேலிஸ். திறக்கத் தேவையில்லை. அகதி விசாரணைக்கு நாள் குறித்து வருகிற கடிதம். பதினாறு வருடங்களுக்கு முதல் அதே உறைக்காக நான் தபால்பெட்டியடியில் தவம் கிடந்தவள். அன்றைக்குப் போகாவிட்டால் வழக்கைக் கைவிட்டதாக எழுதி மூடிவிடுவார்கள். பிறகு நாடு கடத்தல்தான். புது முகவரியை அவள் குடிவரவு அலுவலகத்துக்கு மட்டும் அறிவித்திருப்பாள், விசாரணைக்காரர்களுக்கு அறிவித்திருக்க மாட்டாள். இரண்டும் ஒன்று என்றுதான் வந்த புதிதில் எல்லோரும் நினைப்போம்.

கடிதத்தைக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்தேன். நாலாம் இலக்கத்தில் யோசெப்பினிடம் கொடுக்க இருபது அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. வக்கீலுக்கும் ஒரு பிரதி போகும்தானே என்று எனக்கு நானே சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். பால் எடுக்க, தயிர் எடுக்க, ஒவ்வொரு தடவையும் அந்த உறையின் மூலை கண்ணில் படும். ஒரு கிழமைக்குப் பிறகு அதன் மேலே கடைத் துண்டுப்பிரசுரம் ஒன்றை வைத்து மறைத்தேன்.

ஜூன் எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை காலை, தம்பி தொலைபேசியில் வந்தான். கொழும்பிலிருந்து அல்ல, வடக்கே வவுனியாவிலிருந்து.

"அக்கா, நேத்து விடியவே பொலிஸ் லொட்ஜுக்குள்ளை வந்திட்டாங்கள். ஐடியைத்தான் கேட்டவங்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கண்டவுடனை, பஸ்ஸிலை ஏறு எண்டாங்கள். உடுப்பு எடுக்கவும் விடேல்லை, இஞ்சை கொண்டுவந்து இறக்கிப்போட்டாங்கள்."

"வேறை ஊர் ஒண்டிலையும் இருக்கேலாதோடா?" என் வாயிலிருந்துதான் வந்தது.

"என்னக்கா விசர்க் கதை கதைக்கிறாய்? எந்த ஊருக்குப் போனாலும் ஐடி என்னோடைதானே வரும்."

தொலைபேசியை வைத்த பிறகும் நான் கதிரையை விட்டு எழவில்லை. 1991இல், விசாரணை அறையில், கண்ணாடி போட்ட ஒருவர் என்னிடம் கேட்டார்: உங்கள் ஊரில் சண்டை என்றால் கொழும்பில் போய் இருக்க முடியாதா? அந்தக் கேள்வியால் எத்தனை தமிழருடைய வழக்கு விழுந்தது! நான் சொன்னேன்: ஐயா, என் அடையாள அட்டையில் பிறந்த இடம் இருக்கிறது, எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். அவர் நம்பினார். அதனால்தான் நான் லாசாலில் இருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்காரரின் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஒருத்தியைப் படியில் மறித்துக் கேட்டு, நான் அன்றைக்குச் சொன்ன அதே பதிலை அவள் சொன்னபோது, பல்லைக் காட்டியிருக்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

யோசெப்பினிடம் முகவரி கேட்டேன். உறையைக் காட்டி, அது வந்த திகதியையும் சொன்னேன். "பதினொரு நாளோ அக்கா?" என்று மட்டும் கேட்டு, முகவரியை எழுதித் தந்தாள்.

பஸ், பிறகு மூன்று மெட்ரோ மாறிச் செயின்ட்-மிஷேல். கீழ்வீட்டு அறை, ஜன்னல் நிலத்தோடு ஒட்டியிருந்தது. நொரேலிஸ் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். உதட்டுச் சாயம் இல்லை. "இப்போது யார் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்?" என்றாள்.

இடைவெளியால் உறையை நீட்டினேன். முத்திரையைப் பார்த்தாள், விரல் விட்டு எண்ணினாள், என்னைப் பார்த்தாள். அங்கேயே கிழித்து வாசித்தாள். "பதின்மூன்றாம் திகதி," என்றாள். ஐந்து நாள். வக்கீலையும் அந்த மாதம்தான் மாற்றியிருந்தாளாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். என் வாய் இருக்கிறதே! அதில் வந்தது அறிவுரை. "வேறு ஊரில் ஏன் இருக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்குப் பதிலை நன்றாக ஆயத்தம் செய்," என்றேன்.

கதவு மூடியது. உள்ளே பூட்டு இரண்டு தடவை திரும்பியது.

பிறகு யோசெப்பினிடம் பல தடவை கேட்டேன். "அவ உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு சொன்னவ அக்கா," என்பாள். ஆறு மாதம், அவள் இந்த நாட்டில் இருக்கிறாளா, அனுப்பிவிட்டார்களா என்றே தெரியாமல் இருந்தேன். எனக்கு அது வேண்டியதுதான்.

அந்த மார்கழி, பிள்ளையார் கதை முடிகிற கிழமை, வாழையிலை வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். இலைப் பெட்டியடியில் நொரேலிஸ் நின்றாள். சிவப்பு உதட்டுச் சாயம். கூடை நிறைய இலைக் கட்டுகள். கால் பின்வாங்கியது, ஆனாலும் போனேன்.

"வழக்கு?" என்றேன்.

"ஏற்றுக்கொண்டார்கள்." இப்போது அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிடத் திறம்.

"அந்தக் கேள்வியைக் கேட்டார்களா?"

"முதல் கேள்வியே அதுதான்."

"நீ என்ன சொன்னாய்?"

பெட்டிக்குள் மிஞ்சியிருந்த ஒரு கட்டையும் எடுத்துத் தன் கூடையில் வைத்தாள். பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"படியில் உங்களுக்குச் சொன்னதைத்தான். ஒரு சொல்லும் மாற்றவில்லை. அவர் எழுதிக்கொண்டார், மதாம். நீங்கள் சிரித்தீர்கள்."